நோய் வருமுன் சேர வேண்டிய பணம்

மருத்துவத் துறையின் மற்றச் செலவுகளோடு ஒப்பிட்டால் ஆரம்ப சுகாதாரச் சேவைக்கு ஆகும் செலவு சிறியது. கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பது, பிரசவ நேரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருப்பது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுப்பது, மூச்சு வாங்கும் வேகத்தை எண்ணி நிமோனியாவைக் கண்டுகொள்வது, காசநோயாளியும் சர்க்கரை நோயாளியும் மாத்திரையை நடுவில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது: இவற்றில் எதற்கும் அடுக்குமாடி மருத்துவமனை தேவையில்லை. ஒரு செவிலியர், ஒரு மருந்து அலமாரி, தடுப்பூசிக்கான குளிர்பதனப் பெட்டி, தண்ணீர், மின்சாரம், நடந்துபோகும் தூரத்தில் ஒரு கட்டடம் ஆகியவை வேண்டும். ஏழை நாடுகளில் தாய்மாரையும் குழந்தைகளையும் பறிக்கும் நோய்களில் பெரும்பாலானவற்றை அந்தக் கட்டடத்திலேயே மடக்கிவிடலாம்.

அங்கே வந்து சேரும் பணமோ மிகக் குறைவு. ஆரம்ப சுகாதார நிதியை ஆராய்வதற்காக லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் அமைத்த ஆணையம் 2022-இல் வெளியிட்ட கணக்குப்படி, மிக ஏழை நாடுகளின் அரசுகள் இதற்காக ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 3 டாலர் செலவிடுகின்றன. அடுத்த படியில் உள்ள கீழ்நடுத்தர வருமான நாடுகளில் இது சுமார் 16 டாலர். மீதியை மக்கள் கையிலிருந்து போட்டுக்கொள்கிறார்கள். முடியாதவர்கள் வீட்டிலேயே கிடந்து பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, அத்தியாவசிய மருத்துவச் சேவை முழுமையாகக் கிடைக்காதவர்கள் 450 கோடிப் பேர் என்றும், மருத்துவச் செலவால் பண நெருக்கடிக்கு ஆளானவர்கள் 200 கோடிப் பேர் என்றும் கூறியது.

தொகை குறைவு என்பது பாதிச் சிக்கல்தான். அந்தத் தொகை எப்போது வசூலாகிறது, யாரிடமிருந்து வருகிறது, எந்த வழியாகக் கிராமத்து மருந்து அலமாரியை அடைகிறது என்பது மறுபாதி. காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிவரும் தாயிடம் வாசலில் வாங்கும் பணமும், ஊரார் எல்லோரிடமும் வரியாக முன்கூட்டியே திரட்டிய பணமும் வரவுப் பதிவேட்டில் ஒன்றுபோலத் தெரியும். அந்தத் தாய் அடுத்த முறை வருவாளா மாட்டாளா என்பதில்தான் வேறுபாடு தெரியும்.

வாசலில் வாங்கிய கட்டணம்

1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-ஆட்டா நகரில் 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். 2000-ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் நலவாழ்வு என்ற இலக்கும், அதற்கு ஆரம்ப சுகாதாரமே வழி என்ற பிரகடனமும் அங்கே பிறந்தன. அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் ஹாஃப்டன் மாஹ்லர். டென்மார்க்கைச் சேர்ந்த இவர், 1950-களில் இந்தியாவின் காசநோய்த் தடுப்புப் பணியில் சுமார் 10 ஆண்டுகள் இருந்தவர். கிராமத்து நோயாளியின் நிலையை நேரில் அறிந்தவர். பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, உலக நாடுகள் ஆயுதங்களுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைத் திருப்பிவிடலாம் என்று பிரகடனம் சுட்டிக்காட்டியது. அதைத் திருப்பிவிடும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் வெளிநாட்டுக் கடனில் மூழ்கின. செவிலியர் சம்பளம் தேய்ந்தது, மருந்து வரத்து நின்றது. இந்த நிலையில் 1987-இல் உலக வங்கி, வளரும் நாடுகளின் மருத்துவச் சேவை நிதி குறித்து ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. அரசு மருத்துவமனைகளைப் பயன்படுத்துகிறவர்களிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்பது அதன் முதன்மையான பரிந்துரை. அதே ஆண்டு மாலி நாட்டின் தலைநகர் பமாகோவில் கூடிய ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள், யுனிசெஃப் ஆதரவோடு வேறொரு திட்டத்தை ஏற்றார்கள். கிராம மக்கள் மருந்துக்கு ஒரு விலை கொடுப்பார்கள். அந்தப் பணம் ஊர்க்குழுவின் கையிலேயே இருந்து அடுத்த மருந்து வாங்கப் பயன்படும். பமாகோ திட்டத்தில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது: பணம் தலைநகருக்குப் போகாமல் ஊரிலேயே தங்கியது, மருந்தும் கிடைத்தது. ஆனால் மருந்தே இல்லாத நிலையத்துக்கும் விலை கொடுத்தால் மருந்து கிடைக்கும் நிலையத்துக்கும் நடுவே எதையாவது தேர்ந்தெடு என்று ஏழைகளை நிறுத்தியதுதான் இரண்டு திட்டங்களுக்கும் பொதுவான குறை.

விளைவுகள் விரைவில் தெரிந்தன. கென்யா 1989 டிசம்பரில் கட்டணத்தைக் கொண்டுவந்தது. நைரோபியில் பாலியல் நோய்களுக்கான பெரிய சிகிச்சை மையத்தில், அடுத்து வந்த மாதங்களில் ஆண்களின் வருகை முன்பிருந்ததில் 40 சதவீதத்துக்கும் பெண்களின் வருகை 65 சதவீதத்துக்கும் இறங்கியது. எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலத்தில், பாலியல் நோயாளிகளை வாசலோடு திருப்பி அனுப்பிய கட்டணம் அது. வசூலும் பெரிதாக இல்லை. ஆப்பிரிக்க நாடுகளில் கட்டணமாகத் திரண்டது, மருத்துவத் துறையின் நடைமுறைச் செலவில் சராசரியாகச் சுமார் 5 சதவீதமே.

சிறு தொகை வாங்கினால் மக்கள் பொருளின் மதிப்பை உணர்வார்கள், வீணாக்க மாட்டார்கள் என்று கட்டணத்தை ஆதரித்தவர்கள் வாதிட்டார்கள். மேற்குக் கென்யாவில் மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகுவேலும் பள்ளிப் பிள்ளைகளின் குடற்புழு மாத்திரையை வைத்து இதைச் சோதித்தார்கள். இலவசமாகக் கொடுத்த பள்ளிகளில் 75 சதவீதப் பிள்ளைகள் மாத்திரையை எடுத்துக்கொண்டார்கள். சிறு கட்டணம் வைத்த பள்ளிகளில் 19 சதவீதம். ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டுபாவும் கர்ப்பிணிகளுக்கான கொசுவலையை வைத்துச் செய்த ஆய்விலும் முடிவு இதேதான். இலவசமாக இருந்த வலைக்கு 0.60 டாலர் விலை வைத்ததும், வாங்குகிறவர்கள் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாக வலையைப் பயன்படுத்தவும் இல்லை. வேறு எந்த விவாதத்தையும்விட இந்த இரண்டு ஆய்வுகளே கட்டணக் கொள்கையின் அடித்தளத்தை ஆட்டியவை.

கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என்பதை உகாண்டா காட்டியது. 2001 மார்ச்சில், தேர்தல் நெருங்கியிருந்த நேரத்தில், அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணம் ஒரே அறிவிப்பில் ரத்தானது. ஏழைகள் திரளாக வந்தார்கள். ஆனால் கட்டணத்திலிருந்து வாங்கிய மருந்துக்கு மாற்று ஏற்பாடு உடனே வரவில்லை, அலமாரி காலியானது. சீட்டை எழுதி வெளியே வாங்கச் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, மிக ஏழைக் குடும்பங்களை நிலைகுலைய வைக்கும் மருத்துவச் செலவு குறையவில்லை என்று தெரிந்தது. சியரா லியோன் 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு இலவசச் சேவையை அறிவித்தபோது இந்தப் பாடம் நினைவில் இருந்தது. அறிவிப்புக்கு முன்பே சம்பளப் பட்டியலில் இருந்த போலிப் பெயர்கள் களையப்பட்டன, ஊழியர் சம்பளம் உயர்த்தப்பட்டது, மருந்து வரவழைக்கப்பட்டது. கூட்டம் பெருகும் என்று தெரிந்து செய்த முன்னேற்பாடு அது.

சந்தாவும் அதன் எல்லையும்

வாசலில் வாங்காமல் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சிறு தொகையை வாங்கிக்கொள்வது அடுத்த வழி. ருவாண்டாவின் கிராமக் காப்பீடு இதற்குப் பெயர்பெற்றது. 1994 இனப்படுகொலையில் நாடு சிதைந்துபோயிருந்த நிலையில், 1999-இல் மூன்று மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் பரவியது. முதலில் எல்லோருக்கும் ஒரே சந்தா. 2011 முதல் குடும்பத்தின் நிலைக்கேற்ப 2,000, 3,000, 7,000 ஃபிராங்க் என்று பிரித்தார்கள். மிக ஏழைகளின் பங்கை அரசும் வெளிநாட்டு உதவியும் செலுத்தின. பத்தில் ஒன்பது பேர் சேர்ந்த காலமும் உண்டு. ஏழை நாட்டில் இது பெரிய சாதனை. ஆயினும் சேவைக்கு ஆகும் முழுச் செலவையும் சந்தா தாங்கவில்லை. வெளிநாட்டு நிதியும் அரசு நிதியும் தூணாக நின்றன. சந்தா கட்டுவதைச் சட்டம் 2008-லேயே கட்டாயமாக்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்கள் தாமாக முன்வந்து கட்டும் காப்பீட்டில், நோயுள்ளவர் சேர்வதும் திடகாத்திரமானவர் விலகுவதும் இயல்பு.

கானா சந்தாவை நம்பியிருக்கவில்லை. முன்பணம் கட்டினால்தான் வைத்தியம் என்றிருந்த முறையை மாற்ற 2003-இல் தேசிய நலக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. பெயர் காப்பீடு, பணத்தின் பெரும்பகுதி வருவதோ பொருள்கள், சேவைகள் மீது விதித்த 2.5 சதவீதத் தனி வரியிலிருந்து. சந்தையில் தக்காளி விற்கிறவரிடமும் கூலித் தொழிலாளியிடமும் மாதச் சந்தா பிடிக்க முடியாது என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது. வளரும் நாடுகளில் சம்பளப் பட்டியலில் பெயருள்ளவர்கள் சிறுபான்மை. ஆகவே ஜெர்மனியிலோ ஜப்பானிலோ வேலை செய்த சம்பளப் பிடித்தக் காப்பீடு இங்கே அப்படியே நடக்காது. 2017-இல் கானா அரசு, தனி நோக்கத்துக்கான வரிகளுக்கு உச்சவரம்பு விதித்து, மருத்துவத்துக்கென வசூலான பணத்தின் ஒரு பகுதியைப் பொதுக் கருவூலத்துக்குத் திருப்பியது. மருத்துவமனைகளுக்குத் தரவேண்டிய தொகை நிலுவையில் நின்றது. 2025-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. தனி வரி என்று சட்டத்தில் எழுதிவைத்தாலும் ஆண்டுதோறும் காவல் தேவை.

தாய்லாந்து போட்ட கணக்கு

வரிப்பணத்தைக் கொண்டு ஆரம்ப சுகாதாரத்தை நடத்துவதில் மிகக் கவனமாகத் திட்டமிட்ட நாடுகளில் தாய்லாந்து ஒன்று. 2001-இல் அது பணக்கார நாடாக இருக்கவில்லை. தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 1,900 டாலர். 1997 நிதி நெருக்கடியின் காயம் ஆறவில்லை. அரசு ஊழியர்களுக்கு ஒரு திட்டம், தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கு ஒரு திட்டம், ஏழைகளுக்கு 1975 முதல் ஓர் இலவச அட்டை, குடும்பத்துக்கு 500 பாட் கட்டி வாங்கும் மருத்துவ அட்டை என்று பல துண்டுகள் இருந்தன. இவற்றில் எதிலும் அடங்காமல் மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் வெளியே நின்றார்கள்.

அந்த ஆண்டு ஆட்சிக்கு வந்த தக்சின் ஷினவத்ரா, ஒருமுறை வருவதற்கு 30 பாட் மட்டுமே என்ற வாக்குறுதியை நிறைவேற்றினார். 2002 ஏப்ரலுக்குள் நாடு முழுவதும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசியல்வாதியின் வாக்குறுதிக்குப் பின்னால் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் செய்து வைத்திருந்த வேலை இருந்தது. சங்குவான் நித்தியராம்பொங், கிராமப்புற மருத்துவமனைகளில் பணியாற்றி, அங்கிருந்து சுகாதார அமைச்சகத்துக்குப் போனவர். கிராமப்புற மருத்துவர்களின் இயக்கத்தோடு வளர்ந்த அவர், கைவசம் இருந்த செலவுக் கணக்குகளை வைத்து, ஒருவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு இருந்தால் முழுச் சேவையும் கொடுக்கலாம் என்று காட்ட முனைந்தார். 2002-இல் நிர்ணயித்த தொகை தலைக்கு 1,202 பாட். 2008-இல் இறக்கும்வரை திட்டத்தை நடத்தும் தேசிய நலப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவரே தலைமை வகித்தார்.

இந்தத் திட்டத்தின் உயிர், பணம் பகிரப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குடிமகனும் தன் பகுதியின் ஆரம்ப சேவைப் பிரிவில் பதிவுசெய்யப்படுகிறார். பெரும்பாலும் அது ஒரு மாவட்ட மருத்துவமனையும் அதைச் சுற்றியுள்ள சிறிய சுகாதார நிலையங்களும் சேர்ந்த வலை. புறநோயாளி சிகிச்சைக்கும் நோய்த் தடுப்புக்கும் ஆன பணம், எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்களோ அத்தனை தலைக்கு இவ்வளவு என்று அந்தப் பிரிவுக்குப் போகிறது. எத்தனை ஊசி போட்டார்கள், எத்தனை ஸ்கேன் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துக் கூடாது. தேவையில்லாத சோதனைகளை எழுதிப் பணம் பார்க்கும் தூண்டுதல் இதனால் அடங்குகிறது. ஒருவர் நலமாக இருந்தால் அந்தப் பிரிவின் பணம் மிச்சமாகிறது. படுக்கையில் சேர்ந்தவர்களுக்கான செலவு தனிக் கணக்கு. அதற்கும் ஆண்டு உச்சவரம்பு உண்டு. மக்கள் தொகையின்படி பணம் போனதால், பாங்காக்கில் குவிந்திருந்த வளம் வடகிழக்கின் ஏழை மாகாணங்களை நோக்கி நகர்ந்தது. திட்டம் வந்தபின் ஏழை மாகாணங்களின் குழந்தை இறப்பு விகிதம் பணக்கார மாகாணங்களின் விகிதத்தை நெருங்கிவந்ததை, ஜொனாதன் குரூபரும் சக பொருளியலாளர்களும் 2014-இல் பதிவுசெய்தார்கள்.

30 பாட் கூட 2006-இல் நீக்கப்பட்டது. பிறகு பெயரளவில் திரும்பி வந்தாலும் ஏழைகளுக்கு விலக்கு உண்டு. எய்ட்ஸ் மருந்து 2003-இலும் சிறுநீரக டயாலிசிஸ் 2008-இலும் திட்டத்துக்குள் வந்தன. விலை கட்டுப்படியாகாத மருந்துகளுக்கு 2006, 2007 ஆண்டுகளில் கட்டாய உரிமம் பிறப்பித்து, மலிவான மாற்று மருந்தை வரவழைத்தார்கள். எந்தப் புதிய மருந்து, கொடுக்கும் பணத்துக்குத் தகுந்தது என்று ஆராய 2007-இல் தனி அமைப்பும் உருவானது.

தாய்லாந்தைப் பின்பற்ற விரும்பும் நாடுகள் பெரும்பாலும் 2001-ஐத்தான் பார்க்கின்றன. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளே முக்கியமானவை. 1970-களின் தொடக்கம் முதல் புதிதாகப் படித்து வெளிவரும் மருத்துவர்கள் கிராமப்புறத்தில் கட்டாயப் பணி செய்தார்கள். 1982 முதல் 1986 வரை, நகர மருத்துவமனைகளில் புதிய கட்டுமான முதலீட்டை அரசு நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்கும் கிராம நிலையங்களுக்கும் கொடுத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு நகரத்து மருத்துவர்களின், அரசியல்வாதிகளின் நெருக்குதலைத் தாங்கி நிற்பது எளிதன்று. 2001-இல் இலவசம் என்று அறிவித்தபோது மக்கள் போய் நிற்க ஒரு கட்டடமும் அதற்குள் ஒரு செவிலியரும் இருந்தது அந்த உறுதியால்தான்.

பணம் எங்கே தங்கிவிடுகிறது

பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை கிராமத்துக்குப் போய்ச் சேருவது தனிப் பயணம். அமைச்சகம், மாகாணம், மாவட்டக் கருவூலம் என்று ஒவ்வொரு படியிலும் அது தாமதமாகிறது, சில நேரம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு சிறு நிலையத்தின் செவிலியருக்கு விளக்குக்கான மண்ணெண்ணெய், சோப்பு, துப்புரவுப் பணியாளரின் கூலி, தடுப்பூசி எடுத்துவரும் பைக்கின் பெட்ரோல் ஆகியவற்றுக்கு ரொக்கம் வேண்டும். அது இல்லாதபோது அவர் நோயாளியிடம் கேட்கிறார். இலவசம் என்று அறிவித்த நாடுகளிலும் கட்டணம் மறைமுகமாகத் திரும்பி வருவது இப்படித்தான்.

கென்யாவின் கடலோர மாகாணத்தில் இதற்கு ஒரு விடை சோதித்துப் பார்க்கப்பட்டது. நிலையத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. ஊர்க்காரர்களும் செவிலியரும் அடங்கிய குழு. பணம் நேரடியாக அந்தக் கணக்குக்கு. பலன் தெரிந்ததும் 2010-இல் நாடு முழுவதற்குமாக ஒரு நிதியம் உருவானது. 2013-இல் அதிகாரப் பரவலாக்கம் வந்து சுகாதாரம் கவுண்ட்டி எனப்படும் வட்டார அரசுகளின் கைக்குப் போனது. அதே ஆண்டு கட்டணமும் ரத்தானது. ஆனால் நிலையத்தின் பணம் பல கவுண்ட்டிகளில் பொதுக் கணக்கில் கலந்துவிட்டது. ஊருக்கு அருகில் வந்த அதிகாரம், ஊரின் கையில் இருந்த ரொக்கத்தை எடுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்ய, நிலையங்கள் தங்கள் வருவாயைத் தாங்களே வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் சட்டத்தைக் கென்யா 2023-இல் இயற்றியது. பக்கத்து நாடான தான்சானியா 2017-18 நிதியாண்டிலிருந்து, நன்கொடை நாடுகளின் கூட்டு நிதியை மாவட்டங்களின் வழியாக அனுப்பாமல் நிலையங்களின் வங்கிக் கணக்குக்கே அனுப்பத் தொடங்கியது.

இந்தியாவில் 2005-இல் தொடங்கிய தேசிய கிராமப்புற நலவாழ்வு இயக்கம் இதே தேவைக்காகத் துணை சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 25,000 ரூபாயும் கட்டற்ற நிதியாகக் கொடுத்தது. தமிழ்நாட்டில் நோயாளிகள் நலச் சங்கங்கள் இப்படி வந்த பணத்தைக் கையாண்டன. சிறு தொகைதான். ஆனால் உடைந்த குழாயை மாற்ற மாவட்டத் தலைநகரின் கையெழுத்துக்குக் காத்திருக்காத நிலையம் வேறு விதமாக இயங்கும்.

மருந்துக்குத் தமிழ்நாடு கண்ட வழி ரொக்கத்தைவிடச் சிறந்தது. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதுக்குமான மருந்தை வேதிப்பெயரில் ஒரே டெண்டரில் வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு மதிப்பு என்று அதில் வரவு வைப்பார்கள். நிலையம் தன் தேவைக்கேற்ற மருந்தைக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கக் கழித்துக்கொள்வார்கள். மேலிருந்து அனுப்பியதை வாங்கிக்கொள்ளும் முறைக்கு மாறாக, எந்த மருந்து வேண்டும் என்று கீழே இருப்பவர் முடிவுசெய்கிறார். கேரளமும் ராஜஸ்தானும் இதை மாதிரியாகக் கொண்டு தங்கள் கழகங்களை அமைத்தன.

செலவில் பெரும்பங்கு சம்பளம். அதில் கடைசியில் நிற்பவர்கள் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள். எத்தியோப்பியா 2003-இல் தொடங்கிய திட்டத்தில், சுமார் 5,000 பேர் வாழும் ஒவ்வொரு ஊர்ப்பிரிவிலும் இரண்டு பெண்களை ஓராண்டுப் பயிற்சி கொடுத்து அரசுச் சம்பளத்தில் அமர்த்தினார்கள். 30,000-க்கு மேற்பட்டவர்கள் இப்படி வேலைக்கு வந்தார்கள். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, கிராமப் பணியாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடிந்தது. இந்தியாவின் 10 லட்சம் ஆஷா பணியாளர்கள் இன்னும் தன்னார்வலர் என்ற பெயரில், வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகையில் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரி முதல் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன் ஆஷாக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டது ஊதிய உயர்வை. நாட்டின் தடுப்பூசிப் பதிவேட்டையும் பிரசவக் கணக்கையும் சுமக்கிறவர்களுக்கு ஊதியம் என்ற பெயரில் ஊதியம் கொடுக்காதது நியாயமில்லை.

எந்த வரி, யாருடைய பணம்

2001 ஏப்ரலில் நைஜீரியாவின் அபுஜா நகரில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதத்தை மருத்துவத்துக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தார்கள். அதை எட்டிய நாடுகள் மிகச் சில. கடன் ஒரு காரணம். வட்டிக்குச் செலவிடுவது கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட அதிகமாக உள்ள நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகளின் வணிக, வளர்ச்சி அமைப்பு 2024-இல் கணக்கிட்டது.

புதிய வரிக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிலிப்பைன்ஸ் 2012-இல் சிகரெட், மது மீதான வரியை உயர்த்தி, கூடுதலாகக் கிடைத்ததன் பெரும்பகுதியை மருத்துவத்துக்கென ஒதுக்கியது. தேசிய நலக் காப்பீட்டில் அரசுச் செலவில் சேர்ந்த ஏழைக் குடும்பங்களின் எண்ணிக்கை அடுத்த சில ஆண்டுகளில் பல மடங்கானது. புகைப்பதும் குறைகிறது, பணமும் வருகிறது. நைஜீரியா, மத்திய வருவாயில் குறைந்தது 1 சதவீதத்தை அடிப்படை மருத்துவ நிதியமாக வைக்க வேண்டும் என்று 2014-இல் சட்டம் இயற்றியது. பணம் பட்ஜெட்டில் இடம்பெற்றது 2018-இல்தான். பிரேசில் 2000-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, நகராட்சிகள் தங்கள் வருவாயில் 15 சதவீதமும் மாநிலங்கள் 12 சதவீதமும் மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. மத்திய அரசு நகராட்சிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்த பணத்தில், மருத்துவர், செவிலியர், வீடு வீடாகப் போகும் பணியாளர்கள் அடங்கிய குடும்ப நலக் குழுக்கள் நாடெங்கும் பரவின. சட்டத்தில் எழுதிய சதவீதம் ஆட்சி மாறினாலும் ஓரளவு நிற்கும் என்பதற்குப் பிரேசில் சான்று.

வெளிநாட்டு உதவியின் நிலை 2025-இல் மாறியது. ஜனவரியில் அமெரிக்கா உதவித் திட்டங்களை நிறுத்திவைத்தது. ஜூலையில் அவற்றை நடத்திய யுஎஸ்எய்டு அமைப்பின் பணி முடிவுக்கு வந்தது. பிரிட்டன் தன் உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. 2000 முதல் வந்த தடுப்பூசிக் கூட்டணியான கவி, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் ஃபண்ட், அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் ஆகியவை கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தவை. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் நோய்வாரியாக வந்தது: எய்ட்ஸுக்கு ஒரு வழி, மலேரியாவுக்கு ஒரு வழி, தடுப்பூசிக்கு ஒரு வழி. பல நாடுகளில் பணியாளர்களின் சம்பளமும் மருந்துக் கிடங்கும் அரசின் பட்ஜெட்டுக்கு வெளியே நடந்தன. உதவி நின்றபோது பணியாளர் பட்டியலே மறைந்தது. நைஜீரிய நாடாளுமன்றம் அந்த இடைவெளியை நிரப்ப 2025 பட்ஜெட்டில் 20 கோடி டாலரைச் சேர்த்தது. அப்படிச் சேர்க்க வசதி இல்லாத நாடுகளே அதிகம்.

அருகில் உள்ள கணக்குகள்

இலங்கை 1951-இல் அரசு மருத்துவமனைக் கட்டணத்தை நீக்கியது. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், 1934-35 மலேரியாக் கொள்ளைநோய்க்குப் பிறகு கிராமங்களில் எழுந்த மருத்துவமனைகளும் அதற்கு முன்பே இருந்தன. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கு வந்து கர்ப்பிணியைப் பதிவுசெய்யும் வழக்கம், உள்நாட்டுப் போர்க்காலத்திலும் முற்றாக அறுந்துபோகவில்லை. தேசிய வருமானத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவான அரசுச் செலவில், பணக்கார நாடுகளுக்கு அருகில் வரும் தாய் சேய் நலக் குறியீடுகளை அந்த நாடு எட்டியது. 2022-இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது மருந்துப் பற்றாக்குறை ஏற்பட்டது. சேவை இலவசமாக இருந்தும் மருந்தை வெளியே வாங்க வேண்டியிருந்தது.

இந்தியாவின் 2017 தேசிய நலக் கொள்கை, 2025-க்குள் அரசுகளின் மருத்துவச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக வேண்டும் என்றது. 2021-22 தேசிய நலக் கணக்குப்படி அது 1.84 சதவீதம். அதே கணக்கில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது 39.4 சதவீதம், 2013-14-இல் அது 64.2 சதவீதமாக இருந்தது. இறக்கம் உண்மையானது, போதாதது. 2018-இல் வந்த பிரதமர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் சேர்க்கைக்குக் கொடுக்கிறது. புறநோயாளி சிகிச்சையும் மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் அதில் அடங்கா. பெரும்பாலான குடும்பங்களின் பணத்தைக் கரைப்பது அந்த மாத்திரைதான். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழ்நாடு தொடங்கியது இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி. 15-ஆவது நிதிக்குழுவும் இதே திசையில், 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு 70,051 கோடி ரூபாயை உள்ளாட்சி அமைப்புகளின் வழியாக ஆரம்ப சுகாதாரத்துக்குப் பரிந்துரைத்தது. துணை சுகாதார நிலையக் கட்டடங்கள், அங்கேயே ரத்தப் பரிசோதனை செய்யும் வசதி, வட்டார அளவிலான பொதுச் சுகாதார அலகுகள் ஆகியவை அதில் அடங்கும். அந்தக் கட்டடங்களில் உட்காரும் செவிலியரின் சம்பளமும் அலமாரியை நிரப்பும் மருந்தும் மாநிலங்களின் ஆண்டு பட்ஜெட்டிலிருந்துதான் பெரும்பாலும் வரவேண்டும்.